வேப்பிலைக்கட்டி வந்ததா?

மேலகரம்
20 ஏப்ரல் 2025

சங்கருக்கு,

கூப்பிட்டால் நான் போனை எடுப்பதில்லை என்று அத்தானிடம் குறைப்பட்டாயாம். எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டாலே சித்திரை ஒன்றாம் தேதி நீ சொன்னதுதான் காதில் விழுகிறது. "ஒரு வருஷமா ஒரு கை பொடி அனுப்ப உனக்கு மனசு வரலையேக்கா" என்றாய். சித்தி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், போன் ஸ்பீக்கரில் கிடக்கிறது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போனை வைத்துவிட்டேன். மெயிலில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீயும் அபர்ணாவும் ஜெர்மனிக்குக் குடிபோன பிறகு நான் அனுப்பியது நான்கு பார்சல். முதலாவது வந்த அன்று நீயே வீடியோவில் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினாய். மற்ற மூன்றும் என்ன ஆயின? ஆடி கழிந்ததும் ஒன்று, தீபாவளிக்கு முன்னால் ஒன்று, தையில் ஒன்று. பருப்புப் பொடி, மிதுக்க வத்தல், மோர் மிளகாய், எல்லாவற்றுக்கும் மேல் உனக்குப் பிடித்த வேப்பிலைக்கட்டி. அதில் வேப்பிலை கிடையாது, பேர்தான் அப்படி என்று உன் ஆபீஸ்காரர்களுக்கு விளக்கிச் சொன்னேன் என்று சிரித்தாயே, அதுதான். நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும் நரம்பு கிள்ளி, மிளகாயும் ஓமமும் வைத்து இடித்து என் தோள்பட்டை இறங்கிப் போயிருக்கிறது. ஊரில் எல்லாரும் உருண்டை பிடிப்பார்கள். குற்றாலத்துச் சாரல் காற்றுக்கு உருண்டை உள்ளுக்குள் பூசணம் பூத்துவிடும் என்று நான் ஒவ்வொன்றையும் வடை மாதிரி தட்டிக் காயவைக்கிறேன்.

வந்ததா, வரவில்லையா? வந்தும் இல்லை என்கிறாய் என்றால், யார் சொல்லி அப்படிச் சொல்கிறாய்? நேராகப் பதில் எழுது.

உலகம்மாள்


டோர்ட்மண்ட்
26 ஏப்ரல் 2025

அக்கா,

முதல் பார்சலுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஒரு கறிவேப்பிலை கூட வரவில்லை.

நீ அனுப்பவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கும் சில ஞாபகங்கள் இருக்கின்றன. விசா வந்த அன்று நீ என்ன சொன்னாய்? "போறவன் போய்க்கோ, இங்கன இருந்து எதையும் எதிர்பார்க்காத" என்றாய். அப்போது கோபத்தில் சொன்னதாக நினைத்தேன். இப்போது சித்தி பிள்ளைகளிடம் மாதம் தவறாமல் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்படுகிறேன். சொல்வது சுலபம். அனுப்பியிருந்தால் வந்திருக்க வேண்டுமே? இது ஜெர்மனி. இங்கே ஒரு கவர் தொலைந்தாலும் மன்னிப்புக் கடிதம் வரும்.

இங்கே நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்று உனக்குத் தெரியாது. வரும்போது இரண்டு பெட்டியில் ஒன்று முழுக்கச் சாப்பாட்டுச் சாமான். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சுருங்கிக் கிடந்த மிதுக்கங்காய் வத்தலை எடுத்து மோந்து பார்த்து, இது என்ன மிருகத்தின் எது என்று கேட்கிற மாதிரி பார்த்தார். அத்தனையும் கோடை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அப்புறம் மல்லி ஒரு துருக்கிக் கடையில், துவரம்பருப்பு ஓர் ஆப்கானியர் கடையில் என்று தேடித் தேடி வாங்கினோம். ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு கடை இருக்கிறது. நடத்துவது ஹஃப்சா என்ற அம்மாள். சொந்த ஊர் நம் கடையநல்லூர். வாசலில் நின்றபோதே பெருங்காய வாசனை வந்தது. அழுகை வந்துவிட்டது.

அபர்ணா ஒரு முதியோர் இல்லத்தில் மதிய ஷிப்டில் வேலை பார்க்கிறாள். காலையில் வீட்டில் அவள்தான் இருக்கிறாள், தபால் வந்தால் அவள்தான் வாங்குவாள். கேட்டேன். "ஒண்ணும் வரலையே" என்றாள். அவளுடைய சமையல் பற்றி உனக்கு ஏற்கனவே சொல்லியிருக்கிறேன். குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பொடி இருந்தால் அந்தச் சோறு இறங்கும் என்று நீயே நினைத்திருக்க வேண்டாமா?

சங்கர்


மேலகரம்
4 மே 2025

சங்கருக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திருடன்னு சொல்லிக்கிட்டா, நெசமான திருடன் சந்தோஷமா சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்" என்றார். எனக்கும் அது சரி என்று பட்டது. தென்காசிக்குப் போய் அய்யாக்குட்டியின் கூரியர் கடைக்குள் ஏறினேன்.

அவன் மேல் எனக்கு முன்பே ஒரு கண். பார்சல் கொடுக்கும்போதெல்லாம், "என்னக்கா, ஓமம் வாசன தூக்குது" என்று பெட்டியைத் தடவிக்கொண்டே சொல்வான். கடைக்குள் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். பசை வாடையும் அட்டை வாடையும்தான். அவன் மேசைக்கு அடியில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. திறக்கச் சொன்னேன்.

"என்னக்கா இது, என் பொஞ்சாதி கட்டிக் குடுத்த சாப்பாட்ட எதுக்குத் தொறக்கணும்?"

"தொறல."

திறந்தான். தயிர்ச்சாதமும் மாங்காய் ஊறுகாயும் இருந்தன. கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு முகம் சிவந்துபோனது. கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மூணு பார்சலும் போய்ச் சேர்ந்துட்டுக்கா. வீட்டுல ஆள் இருந்து வாங்கியாச்சுன்னு வந்துருக்கு. இனிமே நீங்க வேற கடை பாத்துக்கோங்க."

வீட்டில் ஆள் இருந்து வாங்கியிருக்கிறது. காலையில் உன் வீட்டில் எந்த ஆள் இருக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் யார் பேரையும் சொல்லவில்லை.

உலகம்மாள்


டோர்ட்மண்ட்
18 மே 2025

அக்கா,

பேரைச் சொல்லாமல் சொல்வதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. அபர்ணா எதற்கு மறைக்க வேண்டும்? மூன்று பார்சலை அவள் ஒருத்தியே தின்றுவிட்டாளா? அவளுக்கு ஓமமே ஆகாது. உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றே இருந்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று சனிக்கிழமை. புளி வாங்க ஹஃப்சா கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஹஃப்சா ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் பச்சையும் கறுப்புமாக ஏதோ ஒன்று. நான் பார்ப்பதைக் கவனித்து, ஒரு துண்டு பிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். வாயில் போட்டேன். உன் வேப்பிலைக்கட்டி, அக்கா. அந்த ஓமம், நீ பெருங்காயத்தை எண்ணெயில் பொரிக்காமல் கரைத்து ஊற்றுகிற அந்தக் கசப்பு. எட்டிப் பார்த்தேன். டப்பாவில் இருந்தது உருண்டை இல்லை. வடை மாதிரி தட்டை.

"இது எங்கிருந்து வந்துது உங்களுக்கு?" என்று கேட்டேன்.

ஹஃப்சா சிரித்தார். "தெரியாத மாதிரி கேக்கீயளே அண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கணக்குப் போடப் போய்விட்டார்.

எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? நீ அவருக்கு அனுப்புகிறாய் என்பதா? கடையநல்லூர் உனக்குப் பக்கம். அந்த வழியாக ஆள் பிடித்து, ஊர் பேர் தெரியாதவர்களுக்கு அனுப்ப உனக்கு மனசு வருகிறது. தம்பிக்கு அனுப்பியதாகக் கதை சொல்லிவிட்டு, கூரியர்காரனின் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி நாடகம் வேறு. என்ன கோபம் என் மேல்? ஊரை விட்டுப் போனது அவ்வளவு பெரிய குற்றமா?

சங்கர்


மேலகரம்
21 மே 2025

சங்கருக்கு,

ஹஃப்சா என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். கடையநல்லூரில் எனக்கு ஒரே ஒருத்தியைத் தெரியும், எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர். அவள் கோயம்புத்தூருக்கு மாறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

தட்டையாகத் தட்டுவது நான் மட்டும்தான். ஆகையால் அது என்னுடையதுதான். என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்குப் புறப்பட்டது, உன் வீட்டைத் தாண்டி அந்தக் கடைக்குப் போயிருக்கிறது. கால் முளைத்து நடந்து போகாது.

மறுபடியும் போ. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போ. யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. அந்தம்மாளிடம் வளைக்காமல் கேள்: யார் கொடுத்தது? கேட்டதை அப்படியே எனக்கு எழுது, ஒரு சொல் மாற்றாமல். இந்த விஷயத்தில் உன்னையும் நான் முழுக்க நம்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

உலகம்மாள்


டோர்ட்மண்ட்
8 ஜூன் 2025

அக்கா,

நீ சொன்னபடி கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

கூட்டம் இல்லாத நேரம் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் கடைக்குள்ளே பின்பக்கம் நான்கைந்து பெண்கள் அரிசி மூட்டை மேலும் பெட்டி மேலுமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகள், படிக்க வந்தவர்கள். ஹஃப்சாவிடம், அந்த வேப்பிலைக்கட்டி யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"என்னண்ணே, வெளையாடுதீயளா? உங்க வீட்டுக்காரி செஞ்சதுதானே? அபர்ணா கையி மாதிரி எங்க ஊர்லயும் பாத்ததில்ல. குடுத்து வச்ச ஆளுல்ல நீங்க!"

பின்னாலிருந்து ஒரு பெண், "அபர்ணாக்கா இல்லன்னா நான் திரும்பி ஊருக்கே போயிருப்பேண்ணே" என்றாள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். "அவளா? அவளுக்குச் சோறே குழையாம வடிக்கத் தெரியாது. இது எங்க அக்கா செஞ்சது. எனக்கு வந்தத எடுத்து இங்கன குடுத்துருக்கா" என்றேன்.

எல்லாரும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினால் வாசலில் அபர்ணா நிற்கிறாள். வேலைக்குப் போகும் வழியில் கொத்தமல்லி வாங்க வந்திருக்கிறாள். அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. அப்படியே வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றாள். ஏன் என்றதும் உள்ளே போய் யூனிபார்மை மாற்றத் தொடங்கினாள். நான் நிறையப் பேசினேன். அதை எல்லாம் எழுத மாட்டேன். மறுநாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது அவள் இல்லை. பாஸ்போர்ட்டும் இல்லை. போன் அணைந்திருக்கிறது. செங்கோட்டைக்குக் கூப்பிட்டேன். இங்கே வரவில்லையே என்கிறார் அவள் அம்மா. குரலில் ஏதோ இருந்தது. மறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அக்கா, நீ ஒரு தடவை செங்கோட்டைக்குப் போய்ப் பார்த்து வா. கோபத்தை எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

சங்கர்


மேலகரம்
12 ஜூன் 2025

சங்கருக்கு,

செங்கோட்டைக்கு நான் போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை. அவள் இங்கே இருக்கிறாள். நல்லபடியாக இருக்கிறாள், முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் மெயிலை நான் படித்து முடித்த அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டியோடு நிற்கிறாள், தலையெல்லாம் பொடிப்பொடியாக ஈரம். எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன்: அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கே எதற்கு வந்திருக்கிறாள்? என்னைத் தன் பக்கம் இழுக்கவா? இல்லை, உன்னை விட்டுப் பிரிய என்னிடமே உத்தரவு வாங்கவா? அத்தான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"மதினி, அவரு சொல்லிருப்பாரு. என் வாயால நானும் சொல்லணும்னுதான் வந்தேன். சொல்லிட்டுப் போயிருதேன்" என்றாள்.

"உள்ள வந்து சொல்லு" என்றேன். துண்டு எடுத்துக் கொடுத்தேன். காப்பி கொடுத்தேன். விருந்தாளிக்குக் கொடுப்பதைப் போலத்தான் கொடுத்தேன்.

அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"மொத பார்சல் வந்த அன்னைக்கு நான் சொதி வச்சிருந்தேன் மதினி. வேலைக்குச் சேர்ந்த புதுசு. தேங்காய்க்குப் பதிலா டப்பாப் பால்தான் கெடச்சுது. நின்னு நின்னு காலு வீங்கிப் போயிருந்தது, இருந்தாலும் வச்சேன். அவரு ஒரு வாய் சாப்பிட்டாரு. தட்டத் தள்ளிட்டு உங்க பார்சலப் பிரிச்சாரு. உங்களுக்கு வீடியோ போட்டாரு. 'அவ என்னல வச்சிருக்கா இன்னைக்கு?'ன்னு நீங்க கேட்டிய. சொதின்னாரு. நீங்க சிரிச்சிய. நான் போனுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றாள்.

நான் சிரித்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

"அடுத்த பார்சல் வந்தப்ப ஒளிச்சு வைக்கணும்னுதான் நெனச்சேன். வீட்டுல வச்சா வாசன காட்டிக் குடுத்துரும்னு பையில போட்டு வேலைக்குக் கொண்டு போனேன். அங்கன துணி மாத்துற ரூம்ல ஒரு பிள்ள உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தா. அலிமான்னு பேரு, நம்ம ஆலங்குளத்துப் பிள்ள. வந்து ஒரு வாரம்தான். ரொட்டியும் அவிச்ச கெழங்கும் தொண்டைல எறங்கல, வாந்தி எடுத்து எடுத்து கண்ணெல்லாம் உள்ள போயிருந்தது. கேண்டீன்ல வெறுஞ்சோறும் தயிரும் வாங்கி, உங்க கட்டி ஒண்ண வச்சுக் குடுத்தேன். வழிச்சுச் சாப்பிட்டா. 'அக்கா, நீங்க செஞ்சதா'ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன்."

"எதுக்கு ஆமான்ன? என் பேரச் சொன்னா நாக்கு வெந்துருமா?"

"தெரியல மதினி. அந்த ஊருக்குப் போனதுல இருந்து யாரும் என்ன அப்படி ஒரு கண்ணால பாத்ததில்ல."

அப்புறம் அலிமா இன்னொருத்தியைக் கூட்டி வந்தாளாம், அவள் வேறு இரண்டு பேரை. புதிதாக வருகிற பிள்ளைகள் வேலை இல்லாத நேரங்களில் ஹஃப்சா கடைக்குப் பின்னால் கூடுவார்களாம். பார்சலுக்குப் பார்சல் அங்கேதான் போயிருக்கிறது. அவள் பங்குக்கு ஒரு துண்டு கூடச் சாப்பிட்டதில்லையாம். "உங்க கட்டி நல்லா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க" என்கிறாள் என்னிடமே.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் தோள் வலியை வைத்து இவள் அங்கே நல்ல பெயர் வாங்கியிருக்கிறாள். மாடி அறையில் படுக்கச் சொல்லிவிட்டு, சமையலறையின் சாமான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நேற்று இந்த இடத்தில் கடிதத்தை நிறுத்தியிருந்தேன். இன்று ஒன்று நடந்தது. அதையும் எழுதிவிட்டே அனுப்புகிறேன்.

காலையில் நான் ஆலங்குளம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டே போய்விட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நனைந்து, பசியோடு வீட்டுக்குள் நுழைகிறேன். சொதி வாசனை. அத்தான் கடைக்குப் போய்ப் பாசிப்பருப்பு, தேங்காய், இஞ்சி எல்லாம் புதிதாக வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். "கையக் கழுவிட்டு உக்காரு. நான் ரெண்டு தடவ சாப்பிட்டாச்சு" என்றார்.

அவள் பரிமாறினாள். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். சோறு பொலபொலவென்று இருந்தது. குற்றம் கண்டுபிடிக்கிற எண்ணத்தோடுதான் முதல் வாய் வைத்தேன். தேங்காய்ப் பாலைத் திரியவிடாமல் இறக்கியிருந்தாள். நான் வைக்கிற சொதி மாதிரி இல்லை. உப்பு ஒரு கல் குறைவு, இஞ்சி தூக்கல். நன்றாக இருந்தது, சங்கர். மறுசோறு போட்டுக்கொண்டேன்.

"இத எங்கன படிச்ச?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல இப்படித்தான் வைப்போம் மதினி. கல்யாணத்துக்கு முன்னாடியே நான்தான் வைப்பேன்."

இப்போது உன்னிடம் கேட்கிறேன். ஒன்றரை வருஷமாக வாரா வாரம் என்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்? "அக்கா, சோறு வாயில் வைக்க வழியில்லை. உன் கை வருமா?" என்றுதானே? நான் நம்பினேன். நம்பித்தான் இடித்து இடித்து அனுப்பினேன். டப்பாப் பாலில் வைத்த ஒரு நாள் சொதி நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம். மற்ற நாளெல்லாம்? கூரியர்காரனைச் சந்தேகப்பட்டேன், இவளைச் சந்தேகப்பட்டேன், முகம் தெரியாத ஹஃப்சாவைச் சந்தேகப்பட்டேன். உன் வாய்ச்சொல்லை மட்டும் சந்தேகப்படவில்லை.

அவளைக் கூப்பிடாதே. பேச வேண்டும் என்று தோன்றும்போது அவளே பேசுவாள். செங்கோட்டைக்கு நான் தகவல் சொல்லிவிட்டேன். அவள் அம்மா எதையும் மறைக்கவில்லை. இவள் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. நீ பயமுறுத்தியதில்தான் அந்தக் குரல்.

உலகம்மாள்


டோர்ட்மண்ட்
22 ஜூன் 2025

அக்கா,

அவள் அங்கே இருக்கிறாள் என்று படித்ததும் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மீதியை அங்கே உட்கார்ந்தேதான் படித்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறாய். வாரா வாரம் உன்னோடு பேசுவேன். வெயில் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டு முடித்த பிறகு நமக்குள் பேச ஒன்றும் இருக்காது. சாப்பாட்டைச் சொன்னால் உன் குரல் மாறும். அதனால் சொன்னேனோ என்னவோ. அபர்ணா அதே அறையில் இருக்கிறாள் என்பதை நான் நினைத்ததே இல்லை.

நேற்று ஹஃப்சா கடைக்குப் போனேன். அந்தப் பெண்கள் இருப்பார்கள் என்று தெரிந்துதான் போனேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: "அன்னைக்கு நான் சொன்னது பொய். கோவத்துல சொன்னேன். அதச் செஞ்சது அபர்ணாதான்."

அக்கா, உன் உழைப்பை உன்னிடம் கேட்காமல் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். திட்டிக்கொள்.

ஹஃப்சா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு சொல் நம்பவில்லை. "யாரு செஞ்சா என்னண்ணே? இந்தப் பிள்ளைய பசியா கெடக்குன்னு பாத்துக் கொண்டாந்தது அவங்கதானே" என்றார். அலிமா என்கிற அந்தப் பெண் மட்டும் கேட்டாள்: "அக்கா எப்ப வருவாங்க?" எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்பது உண்மை.

வீட்டில் சமைத்துப் பார்க்கிறேன். சோறு குழைந்துவிடுகிறது. அவள் போனை எடுக்கும்போது எடுக்கட்டும். நான் இங்கே எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டு. காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

சங்கர்


மேலகரம்
6 ஜூலை 2025

சங்கருக்கு,

படித்துக் காட்டினேன். "அவரு அப்படிச் சொன்னாராக்கும்?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி உன்னோடு பேசினாள் என்று அத்தான் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் எழுத வேண்டாம்.

என் உழைப்பை எழுதிக் கொடுத்தாயே, அதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் உன் மேல் கறுவிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அவளை அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். சீசன் கூட்டம். பெண்கள் பக்கம் வரிசையில் நின்று நின்று கால் மரத்துவிட்டது. தண்ணீருக்குள் நிற்கும்போது அவள் என் காதருகே வந்து ஏதோ சொன்னாள். இரைச்சலில் எனக்கு விழவில்லை. வெளியே வந்து, என்ன சொன்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மதினி" என்றாள். சந்தேகமாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் பார்சல் அனுப்புவதை நிறுத்திவிடுகிறேன் என்று நானே சொன்னேன். "நிறுத்த வேண்டாம் மதினி. என் பேருக்கு அனுப்புங்க. யாருக்கு எவ்வளவுன்னு நான் பிரிச்சுக்கிடுதேன்" என்றாள். உனக்கு எவ்வளவு வரும் என்று நான் கேட்கவில்லை. அவளிடம் நல்லபடியாக நடந்தால் வரும் என்று நினைக்கிறேன்.

அய்யாக்குட்டி கடைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வரலாமா என்று வாசலில் நின்றே கேட்டேன். "வாங்கக்கா. சாப்பிட்டு டிபன் பாக்ஸக் கழுவி வச்சாச்சு" என்றான். கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. பார்சல் மட்டும் வாங்கிக்கொள்வானாம்.

போன வாரம் அவளே நார்த்தை இலை பறித்து, அவளே இடித்தாள். ஓமம் பாதியாகக் குறைத்துவிட்டாள். உருண்டையாகப் பிடித்தாள். "இந்தச் சாரல்ல பூத்துரும்ட்டி" என்று தலைபாடாகச் சொன்னேன். "அங்கன கொண்டு போயி ஹீட்டர் மேல வச்சுக் காய வச்சிருவேன் மதினி" என்கிறாள். என்ன சொல்ல? வாங்கித் தின்று பார்த்தேன். செய்தது அபர்ணாதான் என்று நீ அந்தக் கடையில் சொன்னதில் இந்த முறை பொய் கிடையாது.

நாளை காலை திருவனந்தபுரத்தில் விமானம். அத்தான் கார் பேசியிருக்கிறார். இப்போதுதான் பெட்டி கட்டி முடித்தாள். தரையில் நிறையப் பொட்டலம் கிடந்தது. எது என்னுடையது, எது அவள் அம்மா கொடுத்தது, எது அவள் வாங்கியது என்று எனக்குத் தெரியாது. என் அலமாரியில் இரண்டு டப்பா காலியாக இருக்கிறது. மூடப் போகும்போது நிமிர்ந்து, "ஒரு தடவ பாத்துக்கிடுதீயளா மதினி?" என்று கேட்டாள்.

வேண்டாம், மூடு என்றேன்.

பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

உலகம்மாள்